ஏரிக்கரை முள்ளில் இருக்கிறது பழம்!

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். பக்கத்தில் அம்பத்தூர் ஏரி; சற்றுத் தள்ளி ஆவடி பருத்திப்பட்டு ஏரி. ஆசியா முழுவதும் 1987 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அப்போது சென்னையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் தொலைநோக்கியும் நோட்டுமாக நடப்பவர்களைப் பார்க்கலாம்.

விடியலில் தொடங்கும் வேலை. வெயில் ஏறியதும் கரையில் சற்று உட்காருவார்கள். அது இலந்தை பழுக்கும் பருவம். முள்ளுக்குப் பயந்து பயந்து பறித்த நாலு பழம் வாயில் விழுந்தால் களைப்பு தெரியாது. மாசி, பங்குனியில் வந்தால் கொடுக்காப்புளி. ஆனி, ஆடியில் வந்தால் நாவல், களாக்காய்.

கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்பவர்களுக்குக் கோடையில் பாலைப்பழம். மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. பால் மட்டும் உதட்டில் ஒட்டும். நம் தோட்டத்துச் சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு வேர்ச்செடியாக நிற்பது இந்தப் பாலைதான்.

ஒரு எச்சரிக்கை. பறவை தின்னும் பழமெல்லாம் மனிதருக்கு ஆகாது. எட்டிப் பழத்தை இருவாச்சி தின்னும். அதன் விதை நமக்குக் கொடிய விஷம். குன்றிமணியும் அப்படியே. பெயர் தெரியாத பழத்தைக் குழந்தைகள் வாயில் வைக்க விடக் கூடாது.

இந்தச் செடிகளை விதைத்தவர் யாருமில்லை. சின்னான், குயில், மைனா போன்றவை பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போட, தானாக முளைத்தவை. ஆனால், கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் இறங்கினால் முதலில் போவது இந்தப் புதர்கள்தான். புதர் போனால் பழமும் போகும். குஞ்சுகளுக்குப் புழு பிடிக்க வயலுக்கு வரும் பறவைகளும் குறையும்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தல வரலாறும் ஒரு புதரில்தான் தொடங்குகிறது. தொண்டைமான் மன்னனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்டினான். கொடிக்குள் இருந்த லிங்கத்தில் வெட்டு பட்டு ரத்தம் வந்தது, மன்னன் பதறிப்போனான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டியதற்கு அவன் வருந்தியதாகக் கதை.

ஏரிக்கரையில் இழந்ததை வயல் வேலியில் மீட்கலாம். நன்கு பழுத்த களாப்பழத்தின் விதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். நாள்பட்டால் முளைப்புத்திறன் குறைந்துவிடும். கன்று தேறியதும் மழைக்காலத்தில் 2 அடிக்கு ஒன்றாக நடலாம். வளர்ந்துவிட்டால் ஆடு, மாடு நுழையாது. காய் ஊறுகாய்க்கு, பழம் பிள்ளைகளுக்கு, மேலே எட்டாத கிளையில் இருப்பது பறவைகளுக்கு!