ஒரு காற்புள்ளியின் விலை

மாணவன், இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். "தம்பி படிச்சுச் சொல்லட்டும்" என்பார் அப்பா. கட்டட வேலைக்குப் போகிறவர் அவர். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏற்பட்ட பெருமிதம் கொஞ்சநஞ்சமன்று. அந்தப் பெருமிதம் ஒரு காற்புள்ளியில் தடுக்கி விழுந்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் முதலாண்டில் சேர்ந்தபோது விடுதிக் கட்டணத்திற்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம். கடன் ரூ. 15,000. ஐந்து மாத வட்டி நிலுவையில் நின்றது. தை மாதத்தில் மாமா மகளுக்குத் திருமணம். அதற்குள் தோட்டை மீட்டுவிட வேண்டுமென்று அப்பா சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். பொங்கலுக்குள் கடனை அடைப்பவர்களுக்கு வட்டி தள்ளுபடி என்று தேநீர்க் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். "நெசந்தானான்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றார்.

கடன் கொடுத்த நிறுவனத்தாருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினேன். தமிழிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கல்லூரி மாணவன் ஆங்கிலத்தில் கேட்டால்தான் மதிப்பு என்று எண்ணினேன். பொங்கலுக்குள் அடைத்தால் வட்டி தள்ளுபடி உண்டா என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "நோ இன்ட்ரஸ்ட் வில் பி சார்ஜ்டு."

"வட்டி வாங்க மாட்டாங்களாம்பா!" என்று வீடே கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. பதினைந்தாயிரத்தை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு இருவரும் பேருந்து ஏறினோம். அங்கே இருந்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "வட்டி ஆயிரத்தைந்நூறு சேர்த்துக் கட்டுங்க" என்றார். நான் கைப்பேசியை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரியாத்தானே தம்பி போட்டிருக்கோம்? தள்ளுபடி உண்டான்னு கேட்டீங்க. நோ. இன்ட்ரஸ்ட் வில் பி சார்ஜ்டு" என்று படித்தார். 'நோ' என்ற சொல்லுக்குப் பின் அவர் சற்றே நிறுத்தினார். அவர் வாயில் இருந்த அந்த நிறுத்தம் எழுத்தில் இல்லை.

எங்களிடம் மீதி இருந்தது பேருந்துக் கட்டணம் மட்டுமே. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருமணத்தன்று அம்மா காதில் வேப்ப ஈர்க்கைச் செருகிக்கொண்டு, சேலைத் தலைப்பால் காதை மூடியபடி பந்தியில் அமர்ந்திருந்தார். தோடு இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது.

விடுமுறை முடிந்ததும் ஆங்கிலப் பேராசிரியரிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். அவர் கரும்பலகையில் அதை இருமுறை எழுதினார். முதல் வரியில் குறி ஏதுமில்லை: வட்டி இல்லை என்று பொருள். இரண்டாம் வரியில் 'நோ' என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டார்: இல்லை, வட்டி உண்டு என்று பொருள். சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. கணித மாணவனாகிய எனக்கு அடைப்புக்குறிதான் நினைவுக்கு வந்தது. 2+3×4 என்றால் 14. (2+3)×4 என்றால் 20. எண்கள் மாறவில்லை, விடை மாறிவிட்டது!

காற்புள்ளியைப் பற்றி நான் பள்ளியில் கற்றது இவ்வளவுதான்: காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நேரம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஆங்கிலேயரும் முன்பு இவ்வாறே கற்பித்தனர். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூலில் ஒவ்வொரு குறிக்கும் முந்தையதைப்போல் இருமடங்கு நேரம் சொல்லப்பட்டிருக்கிறது. குறிகள் பிறந்ததே வாய்விட்டுப் படிப்பதற்காகத்தான். கி.மு. 200ஆம் ஆண்டு அளவில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த அரிஸ்டோஃபனீஸ் என்ற அறிஞர், கிரேக்க எழுத்துகளின் அருகே மேலும் நடுவிலும் கீழுமாகப் புள்ளியிட்டு, எங்கே எவ்வளவு நிறுத்துவதென்று காட்டினார். பின்னர் அச்சு வந்தது. 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்பவரின் அச்சகத்தில் அரைப்புள்ளி பிறந்தது. மக்கள் மனத்திற்குள் படிக்கத் தொடங்கியபின், மூச்சுக்காக இட்ட குறி பொருளுக்காக இடும் குறியாயிற்று.

அப்படியானால் தமிழ்வழியில் படித்து வந்த நாம் ஏன் இக்குறிகளை இவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம்? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். சோம்பல் மட்டும் காரணமன்று. ஆங்கிலத்தில் குறி செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் மொழியில் சொல்லின் விகுதியே செய்துவிடுகிறது. 'வந்தான்' என்பதோடு ஓர் ஆகாரம் சேர்ந்து 'வந்தானா' என்றானதும் வினாக்குறி அங்கேயே வந்துவிட்டது. 'என்று' என்ற சொல் மேற்கோள் குறியாக நிற்கிறது. 'அண்ணனும் தங்கையும்' என்பதில் உம்மை காற்புள்ளியின் வேலையைப் பார்க்கிறது. 'மாணவனின்', 'மாணவர்களின்' என்பவற்றைக் காதால் கேட்டாலே வேறுபாடு தெரியும். ஆங்கிலத்திலோ இரண்டும் 'ஸ்டூடன்ட்ஸ்' என்றே ஒலிக்கும். மேற்குறி எழுத்துக்கு முன்னா பின்னா என்பதைக் கண்ணால் பார்த்தே ஒருமை பன்மை அறிய வேண்டும். நம் முன்னோர் ஓலையில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டே எழுதினர். ஐரோப்பியர் தொடர்பாலும் அச்சாலும் வந்த குறியீடுகளைத் தமிழ் உரைநடையில் முறையாக ஆண்ட முன்னோடிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). நமக்கு அவை துணை. ஆங்கிலத்திற்கோ அவை தூண்.

அந்தத் தூண் ஆங்கிலேயே பேசி வளர்ந்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஒரு சட்டம். உணவுப் பொருள்களைப் பதப்படுத்துதல், சேமித்தல் போன்ற சில பணிகளுக்குக் கூடுதல் நேர ஊதியம் இல்லை என்றது. பட்டியலின் முடிவில் 'அனுப்புவதற்குக் கட்டுதல்' என்பதற்கும் 'பகிர்தல்' என்பதற்கும் இடையே காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தனர். "அனுப்பவோ பகிரவோ கட்டுதல் என்ற ஒரே வேலையைத்தான் சட்டம் சொல்கிறது. நாங்கள் கட்டுவதில்லை, கொண்டுபோய்க் கொடுக்கிறோம்" என்பது அவர்கள் வாதம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. காற்புள்ளி இல்லாமை அந்தத் தொழிலாளர்களுக்கு ஊதியம் பெற்றுத் தந்தது. எங்களுக்கோ ஒருநாள் கூலியும் போயிற்று.

தவறு யாருடையது? குறியிடாமல் அனுப்பியவருடையதுதான், எழுதியபடி படித்தால் நான் கொண்ட பொருளே சரி என்று பேராசிரியரும் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு என் மனம் ஆறவில்லை. பணவிவகாரத்தில் ஒரு வரியை நம்பியது என் குறை. ஐயம் வந்தால் மீண்டும் கேட்பதும் படிப்பில் ஒரு பகுதிதானே?

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அந்த வரியை ஒரு தாளில் எழுதி, காற்புள்ளி வரவேண்டிய இடத்தை அப்பாவுக்குக் காட்டினேன். பேனாவால் அந்தச் சிறு குறியையும் இட்டேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இந்தத் தூசிக்கா ஆயிரத்தைந்நூறு?" என்றார். பிறகு, "தூக்குக்குண்டு நூல் ஒரு மயிரிழை விலகினாலும் சுவரு சாயத்தான் செய்யும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

என் பேராசிரியர் சொன்னதைவிட அது எனக்கு நன்றாக விளங்கிற்று. இப்போது எங்கள் தெருவில் பலரும் தம் காகிதங்களை என்னிடம் கொண்டு வருகிறார்கள். முதலில் சொற்களைப் படிக்கிறேன். பிறகு குறிகளைப் படிக்கிறேன். அதன்பின், "ஒரு தடவை நேர்லயும் கேட்டுக்குங்க" என்று தமிழில் சொல்லி அனுப்புகிறேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் படித்துச் சொல்வதை நம்பித்தான் நம் பெற்றோர் பணத்தை எண்ணிக் கட்டுகிறார்கள். ஆகவே, ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சிறு குறியை இட மறவாதீர்கள். படிக்கும்போது அதைத் தேடிப் பார்க்க மறவாதீர்கள்.