கொள்ளைநோய்க் காலத்தில் தாய்மை

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவாதிருக்கும் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பேருந்தும் புகைவண்டியும் நின்றன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல ‘இ-பாஸ்’ என்னும் இசைவுச் சீட்டு வேண்டியதாயிற்று. அச்சம் எல்லார்க்கும் பொதுவே. எனினும், வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்திருந்த பெண்டிர்க்கு அஃது இரட்டைச் சுமையாயிற்று.

தமிழகத்தில் தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வதே வழக்கு. ஏழாம் திங்களிலோ ஒன்பதாம் திங்களிலோ சுற்றத்தார் கூடிச் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் உண்பித்துப் பெண்ணை அனுப்பிவைப்பர். இதனை வெறுஞ் சடங்கென்று எள்ளுவாரும் உளர். கலங்கும் நெஞ்சிற்கு, ‘நாங்கள் இருக்கின்றோம்’ என்று பலர் கூடிச் சொல்லும் துணைமொழி அது என்பதனை ஊரடங்கு உணர்த்திற்று. அவ்வாண்டு பல இல்லங்களில் வளைகாப்பு நான்கைந்து பேருடன் முடிந்தது; தாய்வீட்டுப் பயணமும் தடைப்பட்டது.

மருத்துவமனைக்குச் சென்றால் நோய் தொற்றுமோ? செல்லாவிடில் கருவிற்குக் கேடு வருமோ? பிறந்த மகவைப் பிரித்து வைத்துவிடுவரோ? இவ்வையங்கள் பலருடைய உறக்கத்தைக் கெடுத்தன. கொள்ளைநோய் இல்லாத காலத்திலும் இத்தகைய துயர் அரிதன்று. வளரும் நாடுகளில் கருவுற்ற மகளிருள் 100-க்கு ஏறத்தாழ 16 பேரும், மகவீன்றோருள் ஏறத்தாழ 20 பேரும் மனநலக் குறைவால் வருந்துகின்றனர் என்றும், அவற்றுள் மனச்சோர்வே மிகுதி என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது.

ஐயத்திற்கு மருந்து உண்மைச் செய்தியே. நோயுற்ற தாயும் கைகளைத் தூய்மை செய்து, முகக்கவசம் அணிந்து, மகவை அணைத்துப் பாலூட்டலாம் என்று அந்நிறுவனம் தெளிவுறுத்தியது. இவ்வொரு செய்தி எத்துணைத் தாயரின் நெஞ்சை ஆற்றியிருக்கும்! கிராமச் செவிலியர் தொலைபேசி வழியே நலம் வினவினர். 104 என்னும் எண்ணில் மனநல அறிவுரையும் கிடைத்தது. தாயின் குரலை நாள்தோறும் தொலைபேசியில் கேட்டதும் பலர்க்கு ஆறுதலாயிற்று. வீட்டிலிருந்த கணவன்மாருள் அடுப்படி வேலையைப் பகிர்ந்தோரும் உண்டு. அமர்ந்த இடத்திலிருந்தே ஏவல் செய்தோரும் உண்டு. உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் காரணமற்ற அழுகையும் இரு வாரம் நீடிப்பின், ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இஃது இயல்பு’ என்று வாளா இராமல் மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

2021-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2-ஆம் நாள், கருவுற்ற மகளிரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மைய அரசு இசைவளித்தது. வீண் வதந்திகளும் உடன் கிளம்பின. ஊசி போடுவதற்கு ஆன நேரத்தினும், வினாக்களுக்கு அமைதியாக விடை கூற ஆன நேரமே செவிலியர்க்கு மிகுதி.