தோலாகத் தோன்றும் தாள்

வேறொரு பொருளின் தோற்றத்தைத் தாளில் வரவழைத்து, அதைச் சுவரில் ஒட்டி அறையை அழகுபடுத்தும் வழக்கம் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. கம்பளித் துணியைக் கத்தரித்துச் சமன்செய்யும்போது உதிரும் பொடிக்குச் சாயமேற்றி, பசையால் உருவம் அச்சிட்ட தாளின்மேல் தூவினால், பசை பட்ட இடத்தில் மட்டும் அது ஒட்டிக்கொண்டு வெல்வெட்டைப் போல மென்மையாக எழும்பி நிற்கும். ‘ஃபிளாக்’ எனப்படும் இந்தத் தாள் வெல்வெட்டைவிட மலிவாக இருந்தும், இங்கிலாந்தின் ஹாம்டன் கோர்ட் அரண்மனை வரை சென்றது.

ஆயினும் இக்கலையின் உச்சம் ஜப்பானின் ‘கின்கரகமி’, அதாவது பொன்தோலைப் போலச் செய்த தாள்தான். டச்சு வணிகர்கள் கொண்டுவந்த ஐரோப்பியப் பொன்தோல் (பொன்னிறம் ஏற்றிய தோல்) கிடைத்தற்கரியதாக இருந்ததால், ஜப்பானியக் கைவினைஞர்கள் தங்கள் நாட்டு ‘வாஷி’ தாளிலேயே அதை உருவாக்க முனைந்தனர். மெல்லிய உலோகத் தகடு ஒட்டிய தாளை ஈரப்படுத்தி, பூவும் கொடியும் செதுக்கிய மர உருளையின்மேல் சுற்றி, தடித்த தூரிகையால் நெடுநேரம் அடித்து அடித்து ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கச் செய்வார்கள். பிறகு அரக்குப்பூச்சு ஏறியதும் வெண்தகடு பொன்னாக ஒளிரும். மெய்ஜி காலத்தில் (1868–1912) இத்தாள் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியாயிற்று. ஜோசையா காண்டர் வடிவமைத்து 1896இல் கட்டிமுடிக்கப்பட்ட டோக்கியோவின் இவாசாகி மாளிகையில், மீட்டுருவாக்கப்பட்ட கின்கரகமியை இன்றும் காணலாம்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: மூலமான ஐரோப்பியப் பொன்தோலிலும் பெரும்பாலும் பொன் இல்லை, வெள்ளித் தகட்டின்மேல் மஞ்சள் மெருகு பூசியே அந்த நிறம் பெறப்பட்டது.

இப்படிப் போலச்செய்வது ஏமாற்றா? ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில், ஒரு பரப்பை அது அல்லாத பொருளாகக் காட்டும்படி வண்ணம் தீட்டுவதை ஏமாற்று என்று கண்டித்தார். ஆனால் தங்கமுலாமை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை. கட்டடத்தில் அதைக் கெட்டித் தங்கம் என்று எவரும் கருதுவதில்லை என்பது அவர் காட்டிய காரணம். அந்த விலக்கு கின்கரகமிக்கும் பொருந்தும். அதைப் பார்ப்பவர் முதலில் தோலென்று எண்ணினாலும், தாளென்று அறிந்தபின் அவருடைய வியப்பு குறைவதில்லை, கூடுகிறது. ஏனெனில் அங்கே போலச்செய்தலே ஓர் உழைப்பாகவும் கலையாகவும் வளர்ந்துவிட்டது.

இன்று விற்கும் செங்கல் வடிவ வினைல் தாள்கள் பலவற்றில் அந்த உழைப்பு இல்லை. மூலை உடைந்த ஒரே செங்கல், 53 செ.மீ. அகலமுள்ள ஒவ்வொரு பட்டையிலும் அதே உயரத்தில் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்துகிறது. குற்றம் போலச்செய்ததில் இல்லை, அரைகுறையாகச் செய்ததில் இருக்கிறது. ஆகவே வாங்க விரும்புவோர் இரண்டு சுருள்களை அருகருகே விரிக்கச் சொல்லி, வடிவம் எவ்வளவு இடைவெளிக்கொரு முறை மீண்டும் வருகிறது என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.