சிங்கப்பல்லும் செம்மஞ்சள் எலியும்



ஜேர்மனிக்குத் தாதிப் பயிற்சிக்குப் போகவென்று நம்ம ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஜேர்மன் கிளாஸுக்குப் போகிறார்கள். பீ1, பல இடங்களில் பீ2 பாஸ் பண்ண வேண்டும். கிளாஸ் காசுக்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போய்விடுகிறது. ஆனால் கேட்டல் பரீட்சையில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை ஒன்று வந்து சொன்னாள்: "சேர், வாசிச்சா விளங்குது. அவங்க பேசினா ஒன்னுமே விளங்கல."

அவளுக்காகத் தேடியபோது கிடைத்தது ஒரு சிறுபிள்ளை நிகழ்ச்சி. பெயர் 'டீ ஸென்டுங் மிட் டேர் மௌஸ்', அதாவது எலியோடு ஒரு நிகழ்ச்சி. 1971 முதல் ஜேர்மன் டீவியில் போகிறது. ஒரு செம்மஞ்சள் எலியும் நீல யானையும் வரும். நடுவில், பற்பசைக்குள் கலர் கோடு எப்படி வருகிறது, சீஸில் ஓட்டை எப்படி விழுகிறது என்று காட்டுவார்கள். திரையில் தெரிவதையே சின்னச் சின்ன வசனமாகச் சொல்வார்கள். படம் பாதி, காது பாதி. அதனால் சொல் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று 'லோவன்ட்ஸான்'. நேரடியாகச் சொன்னால் சிங்கப்பல். உண்மையில் அது ஒரு மஞ்சள் பூவின் பெயர். நீல ஓவரோல் போட்ட பீட்டர் லுஸ்டிக் என்ற மனிதர், சில்லு வைத்த ஒரு பழைய வண்டியில் குடியிருந்துகொண்டு எதையாவது கழற்றிப் பூட்டுவார். முடிவில் டீவியை நிறுத்தச் சொல்வார்! (இந்த மனிதர் நம்ம வீடுகளுக்கும் தேவை.) 2016இல் காலமாகிவிட்டார்.

இந்த வீடியோக்களில் 'முதலில்', 'பிறகு', 'கடைசியாக' என்ற சொற்களும், 'செய்யப்படுகிறது' என்ற மாதிரி வசனங்களும் திரும்பத் திரும்ப வரும். தொழிற்சாலையைக் காட்டும்போது வேறு எப்படிப் பேசுவது? நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்சாலை ஏற்கனவே தெரியுமே. அவளிடம், "தேயிலை ஸ்டோரை இதே மாதிரிச் சொல்லு" என்றேன். கொழுந்து பறிக்கப்படுகிறது, வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, காய வைக்கப்படுகிறது, சலிக்கப்படுகிறது. வெல்க்கன், ரோலன், ட்ரொக்னன், ஸீபன். ஸ்டோரில் வேலை செய்யும் அவளுடைய அப்பா பக்கத்தில் நின்று, "உருட்டின பிறகு புளிக்க வைக்கிறத விட்டுட்டியேம்மா" என்று திருத்தினார். ஜேர்மன் தெரியாத மனிதர், மகள் கையை ஆட்டிக் காட்டியதைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

இலக்கணத்தில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. 'வைல்' என்ற 'ஏனென்றால்' வந்தால், ஜேர்மனில் வினை வசனத்தின் கடைசிக்குப் போய்விடும். தமிழில் வினை பொதுவாக அங்கேதானே இருக்கிறது. இங்கிலீஷ் வழியாகப் போய்த்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

எலி நிகழ்ச்சியின் வீடியோக்களை டபிள்யூ.டி.ஆர். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒரே வீடியோவை மூன்று தரம் பாருங்கள்: முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தத்தோடு, கடைசியாகத் திரையைப் பார்க்காமல் கேட்டு மட்டும். டேட்டா போதாதவர்கள் இன்பொக்ஸுக்கு வாங்க. சனிக்கிழமை பின்னேரம் என் மடிக்கணினியில் சேர்ந்து பார்ப்போம். தேத்தண்ணி நான் தருகிறேன்.