எல்லாக் கடைக்கும் ஒரே இழை

கண்ணாடியிழைகளை ஒட்டுவதுதான் என் தொழில். சிங்கப்பூரில் ஃபைபர் வேலை பார்க்கிற நாங்கள் அதை ‘ஸ்ப்ளைஸ் போடுவது’ என்போம். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளீவரில் வைத்து நுனியைச் செங்குத்தாக நறுக்க வேண்டும். பிறகு மெஷினில் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே வைத்தால், ஒரு மின்பொறியில் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரான். அதற்குள்ளே ஒளி ஓடுகிற கரு 9 மைக்ரான் அளவுதான். கருவுக்கு நேரே கரு உட்கார வேண்டும். இழப்பு 0.05 டெசிபலுக்குள் இருந்தால் ட்ரேயில் சுருட்டி வைப்பேன். கூடினால் நறுக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

இதைச் செய்யும்போது, இழை போய்ச் சேரும் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனியிடம் இணையம் வாங்குகிறார் என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முன்பு அப்படி இல்லை. டெலிபோன் செம்புக்கம்பி ஒருவருடையது, கேபிள் டிவி கம்பி இன்னொருவருடையது. மூன்றாவதாக ஒருவர் கடை போட வேண்டுமென்றால், தன்னோடு போட்டி போடுகிறவரிடமே கம்பியைக் கேட்டு நிற்க வேண்டும். நாடு முழுக்க ஃபைபர் போடத் திட்டமிட்டபோது அரசாங்கம் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தது. இழையைப் போட்டுப் பராமரிப்பது ஒருவர். அதன் இரண்டு முனைகளிலும் ஒளிக் கருவிகளை வைத்து ஓட்டுவது வேறொருவர். வீடுகளுக்கு விற்பது மூன்றாவது அடுக்கு. அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம். இழைக்கு 75 கோடி வெள்ளி வரையிலும், கருவிக்கு 25 கோடி வெள்ளி வரையிலும் மானியம் ஒதுக்கினார்கள். இழையை ஓப்பன்நெட் போட்டது, கருவியை நியூக்ளியஸ் கனெக்ட் ஏற்றது. 2010 செப்டம்பரில் சேவை தொடங்கியது. பிற்பாடு ஓப்பன்நெட்டை நெட்லிங்க் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் நெட்லிங்க் எந்த வீட்டுக்கும் நேரடியாக இணையம் விற்பதில்லை. இந்த யோசனை புதிதல்ல: ஸ்டாக்ஹோமில் 1994இலேயே நகராட்சியின் ஸ்டோகாப் நிறுவனம் வெறும் இழையை மட்டும் வாடகைக்கு விடத் தொடங்கிவிட்டது. கருவி வாடகைக்கு எடுப்பவர் பாடு.

ஏன் இழையை மட்டும் பொதுவில் வைக்க வேண்டும் என்பது மேன்ஹோலில் இறங்கி வேலை பார்த்தவனுக்கு விளக்காமலே விளங்கும். ஒளிக் கருவியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கும். வீதியைத் தோண்டும் செலவு இறங்காது. குழாய் பதிக்க வேண்டும், தோண்டிய இடத்தை மூட வேண்டும், போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளில் மாடிமாடியாகக் கேபிள் ஏறுகிற ரைசர் ஓர் அலமாரி அகலம்தான் இருக்கும். அதற்குள் நான்கு கம்பெனிகள் நான்கு தடவை வந்து கேபிள் இழுத்தால், நாலாவது ஆள் முதல் ஆளின் இழையை மடக்காமல் வெளியே வர முடியாது. இழை மடங்கினால் ஒளி ஒழுகும். ஒரு தடவை, ஒழுங்காக, எல்லாருக்குமாக இழுத்துவிடுவதே இழைக்கும் நல்லது, குடியிருப்பவர்களுக்கும் நல்லது.

விலையில் இதன் பலன் கண்கூடு. ஒரு வீட்டு இணைப்புக்கு விற்பவர்கள் இழைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை ஆரம்பத்தில் மாதம் 15 வெள்ளி. 2024 ஏப்ரலிலிருந்து 13.50 வெள்ளி. சிங்டெல், ஸ்டார்ஹப் போன்ற பெரிய ஆளுக்கும் அதே விலை, நேற்று கடை திறந்தவருக்கும் அதே விலை. அதனால்தான் சொந்தமாக ஒரு மீட்டர் கேபிள்கூட வீதியில் போடாத மைரிப்பப்ளிக் கம்பெனி, 2014 ஜனவரியில் 1 ஜிகாபிட்டை 49.99 வெள்ளிக்கு விற்க முடிந்தது. மற்றவர்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. ஆனால் இழை விற்பவர் ஒருவரே என்பதால், விலைக்குக் கடிவாளம் போட ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயம் வேண்டும். அது கண் அசந்தால் இந்த ஏற்பாடு எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூட்டாகிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கம்பெனி மாறும்போதும் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். பெரும்பாலான வீடுகளில் நாங்கள் பொருத்தும் சுவர்ப்பெட்டியில் இரண்டு முனைகள் இருக்கும். “தம்பி, புது லைன் வர்ற வரைக்கும் பிள்ளைங்க படிப்புக்கு நெட் இருக்காதா?” என்று கேட்கும் அம்மாக்களிடம், “இருக்கும் ஆன்ட்டி, பழையது ஒரு முனையில ஓடட்டும், புதுசு அடுத்ததுல வரும்” என்று சொல்ல முடிகிறது. அவர்கள் முகத்தில் கவலை போய்விடும். பிடிக்காத கம்பெனியை விட்டு விலக ஒருவர் ஒருநாள்கூட இருட்டில் உட்கார வேண்டாம் என்றால், கம்பெனிகளும் தாமாகவே ஒழுங்காக நடந்துகொள்கின்றன.

சிக்கல் வருவது பழுதான நாளில். வாடிக்கையாளர் விற்றவரைக் கூப்பிடுவார், விற்றவர் கருவிக்காரரைக் கூப்பிடுவார், கருவிக்காரர் இழையைப் பராமரிக்கிற எங்களைக் கூப்பிடுவார். மூன்று பேரும் ‘என் பக்கம் சரியாக இருக்கிறது’ என்பார்கள். இங்கே அளவைத் தவிர வேறு தீர்ப்பு கிடையாது. சுவர்ப்பெட்டியில் பவர் மீட்டரைச் செருகுவேன். 1490 நானோமீட்டரில் கழித்தல் 20 டிபிஎம் சுற்றுவட்டாரத்தில் ஒளி வந்தால் எங்கள் இழை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கழித்தல் 27ஐத் தாண்டி இறங்கினால் வீட்டுக் கருவி தடுமாறும். அது எங்கள் பொறுப்பு. ஓடிடிஆர் கருவியால் ஒளித் துடிப்பை அனுப்பிப் பார்த்தால் எத்தனையாவது மீட்டரில் அடிபட்டிருக்கிறது என்று கோடு காட்டிவிடும். பெரிய கேபிள் ஒன்று அறுந்தால் எல்லாக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் விழுவார்கள். பொது வலையமைப்பின் மெய்யான பலவீனம் அது. மாற்றுப் பாதைகளுக்குச் செலவழிக்கத் தயங்கவே கூடாது.

10 ஜிகாபிட் வேகத்துக்கு 2024இல் அரசாங்கம் 10 கோடி வெள்ளி வரை ஒதுக்கியது. இழையைத் தோண்டி மாற்றத் தேவையில்லை; இரண்டு முனைகளிலும் உள்ள கருவிகள் மாறினால் போதும். 2010 வாக்கில் போட்ட ஜாயின்ட்டுகளே அந்த வேகத்தையும் சுமக்கப் போகின்றன. அதனால்தான் புதிதாகச் சேரும் பையன்களிடம் ட்ரேயில் சுருளின் வளைவு பெரிதாக இருக்கிறதா, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிற வரிசை தப்பாமல் இருக்கிறதா, லேபிள் படிக்கும்படி இருக்கிறதா என்று விடாமல் பார்க்கிறேன். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் யாருக்காக வேலை செய்பவராகவும் இருக்கலாம்.