பறவைக்குப் போட்ட கூரை

ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போகாதீர்கள், குளிர் எலும்பைத் துளைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் கிளம்பிவிட்டேன். மகள் குடும்பம் இருப்பது நார்விச் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில். நார்ஃபோக் மாவட்டம் நம் கடாரத்து வயல்வெளி மாதிரிதான். சமதரை, பெரிய வானம். நெல்லுக்குப் பதில் பார்லியும் சீனிக்கிழங்கும் விளைகிறது.

தினமும் காலையில் நடக்கப் போவேன். அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்த நிலத்தின் நடுவே ஒரு நீளப் பட்டையாக மக்காச்சோளம் நின்றது. இலை காய்ந்து, கதிர் பழுத்து, வெட்டுவார் யாருமில்லை. மறுநாளும் நின்றது. ‘அறுக்க ஆள் கிடைக்கவில்லையோ?’ என்று மகளிடம் கேட்டேன். ‘அது மனுசனுக்கு இல்லப்பா, பறவைக்கு’ என்றாள்.

நிலக்காரர் மகளுக்குத் தெரிந்தவர். அறுபது வயதைத் தாண்டியவர். நான் பேராக் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்று அறிந்ததும், ‘அங்கேயும் மூடுபயிர் உண்டல்லவா?’ என்று கேட்டார். இருக்கிறதே! மறுநடவு செய்த இளம் ரப்பர் கன்றுகளுக்கு இடையே பூரேரியா, கலப்பகோனியம் கொடிகளைப் படரவிடுவார்கள். மழையில் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும், தழைச்சத்தும் தரும். பாம்பு இருக்கும் என்று அம்மா எங்களை அந்தப் பக்கம் விடமாட்டார். ‘உங்கள் பயிர் மண்ணைப் பிடிக்கிறது. என் பயிர் பறவையைப் பிடித்து வைக்கிறது’ என்று சிரித்தார் அவர்.

அங்கே குளிர்கால வேட்டை ஒரு பழைய வழக்கம். ஃபெசன்ட் என்ற நீண்ட வால் கோழியையும் கௌதாரியையும் சுடுவார்கள். கௌதாரிக்கு செப்டம்பர் 1 முதல், ஃபெசன்ட்டுக்கு அக்டோபர் 1 முதல் அனுமதி. இரண்டும் பிப்ரவரி 1-உடன் முடியும். இதே நார்ஃபோக்கில் இருக்கும் சாண்ட்ரிங்ஹாம் அரண்மனையில், வேட்டைக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்று கடிகாரங்களை அரை மணி முன்னே ஓடவிட்டிருந்தார்களாம். 1936-ல்தான் அந்த வழக்கம் நின்றது.

இன்று சுடப்படும் ஃபெசன்ட்டில் பெரும்பகுதி கூண்டில் பொரித்து, கோடையில் காட்டோரம் திறந்துவிடப்பட்டவை. திறந்துவிட்ட கோழி நம் நிலத்திலேயே தங்கவேண்டும். பக்கத்து நிலத்தில் நல்ல மறைவும் தீனியும் இருந்தால் அங்கே நடந்து போய்விடும். எந்தப் பயிரை எங்கே விதைப்பது என்பதுதான் அந்த ஊர் விவசாயியின் வசந்தகாலக் கவலை.

அவர் என்னைச் சோளத்துக்குள் குனிந்து பார்க்கச் சொன்னார். மேலே இலைக்கூரை, கீழே நடக்க வெற்றுத் தரை. ‘பறவைக்கு மூன்று வேண்டும். மேலே பருந்துக்கு மறைவு, காலடியில் ஈரமில்லாத தரை, பக்கவாட்டில் காற்றுத் தடுப்பு’ என்றார். கூரை நன்றாக இருந்து அடிப்பகுதியில் குளிர்காற்று நுழைந்தால் பறவை நிற்காது. அடியில் புல் மண்டினாலும் ஆகாது. நனைந்த புல்லில் ஓட அதற்குப் பிடிக்காது.

மக்காச்சோளம் மறைவும் தரும், தீனியும் தரும். மே மாதம் மண் சூடு பிடித்ததும் விதைத்தால் அக்டோபரில் ஆள் உயரம் நிற்கும். ஆனால் எலிக்கும் அது விருந்து. டிசம்பர் காற்றில் தண்டு சாய ஆரம்பித்தால் கூரை போய்விடும். கேல் கீரை அப்படியல்ல. பனியைத் தாங்கி நிற்கும். இரண்டாம் ஆண்டு பூத்து விதையும் கொடுக்கும். ஆனால் முளைக்கும்போது வண்டு அரிக்கும், வளர்ந்தபின் புறா கொத்தும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் வேரில் நோய் கட்டிக்கொள்ளும். கடுகு சீக்கிரம் வளரும், கடும்பனி விழுந்தால் கருகிவிடும். பனிவரகும் கீன்வாவும் தானியத்துக்காக. ‘எல்லாக் குணமும் உள்ள பயிர் கிடையாது. அதனால்தான் கலந்து போடுகிறோம்’ என்றார்.

விதைக்கும் இடத்திலும் கணக்கு இருக்கிறது. பறவை இராத்தங்கும் காடு ஒரு பக்கம், பயிர்ப்பட்டை மறுபக்கம். கலைத்தால் அது வீடு நோக்கிப் பறக்கும். துப்பாக்கிக்காரர்கள் நடுவில் நிற்பார்கள். பட்டையின் முனையில் பயிரைக் குட்டையாக விடவேண்டும். அப்போதுதான் கூட்டமாக எழாமல் இரண்டும் மூன்றுமாக எழும்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. ‘கலைக்கும் வரிசையில் நிற்கிறீர்களா?’ என்று கேட்டார். கையில் ஒரு கம்பைத் தந்தார். அதன் முனையில் பழைய உரப்பையை வெட்டிக் கட்டியிருந்தது. அதை ஆட்டினால் படபடவென்று சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தில் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்துத் துரை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும்போது லயத்து ஆட்கள்தான் தகரம் தட்டிக் காட்டைக் கலைக்க வேண்டும். தாத்தா பலமுறை போயிருக்கிறார். முள் கிழித்த தழும்பு கணுக்காலில் கடைசிவரை இருந்தது. இப்போது பேரன் நான், துரைமாரின் நாட்டில், அதே வரிசையில். ஒரு வித்தியாசம் உண்டு. என் இடப்பக்கம் நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வலப்பக்கம் ஒரு கல்லூரி மாணவி. கூலியும் உண்டு, மாலையில் ஆளுக்கு ஒரு ஜோடிப் பறவையும் உண்டு.

சாய்ந்த சோளத்துக்குள் மெதுவாக நடந்தோம். முனையில் முதல் சேவல் எழுந்தது. செம்பும் பச்சையுமாக, வெயில் பட்டு மின்னியது. வெடிச் சத்தம். விழுந்தது. அழகும் சாவும் ஒரே நொடியில். எனக்கு வயிறு கலங்கியது உண்மை. கோழிக்கறி சாப்பிடுகிறவன் நான், நியாயம் பேசவும் வாய் வரவில்லை.

அன்று மாலை அவரிடமே கேட்டேன். ‘சுடுவதற்காகப் பயிர் வைக்கிறீர்களே, இதில் பறவைக்கு என்ன லாபம்?’

அவர் கோபப்படவில்லை. பிப்ரவரியில் மறுபடி வரச் சொன்னார்.

பருவம் முடிந்து பத்து நாள் கழித்துப் போனேன். சோளப்பட்டை மண்ணோடு படுத்துக் கிடந்தது. ஒரு காகம்கூட இல்லை. வேலியோரம் கேல் கீரையும் பனிவரகும் கலந்த பட்டையில் கால் வைத்ததும் சிட்டுக்குருவி அளவில் நூறு பறவை எழுந்தன. மஞ்சள் தலைக் குருவிகள், பழுப்பு நிற லின்னெட்டுகள். ‘பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் ஊரில் பஞ்சகாலம். பழைய விதை தீர்ந்திருக்கும், புதிது வந்திருக்காது. துப்பாக்கியைத் துடைத்து வைத்ததும் தீனியை நிறுத்தினால் இவை செத்துப்போகும்’ என்றார்.

பிறகு வேலியடியைக் காட்டினார். இரண்டு சாம்பல் கௌதாரிகள் மண்ணோடு மண்ணாக ஒட்டி உட்கார்ந்திருந்தன. இது அந்த நாட்டின் சொந்தப் பறவை. கடந்த அரை நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. காரணம் துப்பாக்கி மட்டுமல்ல. குஞ்சு பொரிந்த முதல் இரண்டு வாரம் அதற்குப் பூச்சிதான் உணவு. களைக்கொல்லி அடித்ததில் களை போனது, களையோடு பூச்சி போனது, பூச்சியோடு குஞ்சும் போனது. சசெக்ஸ் வயல்களில் டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டு உழைத்து விளக்கிய உண்மை இது. குளிர்காலப் பயிர் எவ்வளவு போட்டாலும் ஜூன் மாதத்துப் பூச்சி இல்லையென்றால் பயனில்லை.

‘என் அப்பா காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். இப்போது எனக்குத் தெரிந்து நான்கு ஜோடி. அவற்றை யாரும் சுடுவதில்லை’ என்றார்.

அவரிடம் மூன்று பட்டை இருக்கிறது. வரும் மே மாதம் ஒன்றில் மட்டும் சோளம். இன்னொன்றில் இரண்டாண்டு நிற்கும் கேல் கலவை. மூன்றாவதை மருந்தடிக்காமல் பூஞ்செடிக்கும் பூச்சிக்கும் விடப்போகிறாராம். பணம் போட்டு வேட்டைக்கு வரும் நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை; சோளம் குறைந்தால் பறவை பக்கத்து நிலத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். ‘போகட்டும். இரண்டு பேர் விலகுவார்கள். நான்கு ஜோடி ஆறானால் போதும்’ என்றார்.

நான் ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. போன வாரம் மகள் படம் அனுப்பினாள். உழுத மண்ணில் மூன்று பட்டைகளும் தெரிந்தன. மூன்றாவது பட்டையில் ஒரு பலகை நட்டிருக்கிறார். ‘தயவுசெய்து நாயைக் கட்டிப் பிடியுங்கள், இங்கே பறவை முட்டையிடுகிறது.’