ஒரகடம் ரூட்டில் ஒரு புரோட்டான் பயணம்!

பூந்தமல்லியில் பஸ் ஏறி, முடிஞ்சா இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிங்க. செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கே திரும்பினா வல்லம், ஒரகடம்னு வரிசையா கார், பைக், லாரி, டயர் ஃபேக்டரிகள். பயோடேட்டாவோடு அலையுற நம்ம கூட்டத்துக்கு இதுதான் சந்நிதி வீதி. (ராமாநுஜர் பிறந்த ஊர் என்பதால் நிஜ சந்நிதியும் உண்டு. அரியர் பார்ட்டிகள் கவனிக்க!)

கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் காசு எப்படிப் போகும்? 'கொஞ்சம் பாஸ் பண்ணுங்க'ன்னு கை மாறிக் கை மாறி கண்டக்டர்கிட்ட போயிடும். நீங்க நகரவே வேண்டாம். தண்ணீருக்குள் புரோட்டான் போறதும் இதே டெக்னிக்தான். ஒரே வித்தியாசம், தண்ணீர் மூலக்கூறு வாங்கின காசைத் தன் பையில் போட்டுக்கிட்டு, வேற காசை அடுத்தவருக்குத் தள்ளும். 1806-லேயே குரோட்டஸ் என்ற விஞ்ஞானி இந்த ஐடியாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டுட்டார்.

கண்ணால பார்க்கணுமா? பல மஞ்சள் ஹைலைட்டர்களில் பைரனின் என்ற சாயம் இருக்கு. அந்த மையைத் தண்ணீரில் கரைச்சு, எலுமிச்சைச் சாறு விடுங்க. மஞ்சள் வெளுத்துடும். இப்போ கள்ளநோட்டு பார்க்கிற யு.வி. லைட்டை அடிங்க... பளிச்சுனு பச்சை! ஒளி பட்டதும் பைரனினின் அமிலத்தன்மை பத்து லட்சம் மடங்குக்கு மேல எகிறும். உடனே தன் புரோட்டானைப் பக்கத்துத் தண்ணீர்கிட்ட தள்ளிவிட்டுடும். ஒரு நொடியை ஆயிரம் கோடியாப் பிரிச்சா வர்ற ஒரு பங்குதான் அதுக்கு ஆகிற நேரம். தண்ணீரே கலக்காத ஆல்கஹாலில் கரைச்சா பச்சை வராது, நீலம்தான். புரோட்டானை வாங்கிக்க ஆள் இல்லையே!

இதுக்கும் ஒரகடத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யற ஹூண்டாய், 2024 ஜனவரியில், ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் அமைக்கப் போறதா அறிவிச்சது. ஹைட்ரஜன் கார்ல ஒளி கிடையாது. ஆனா ஃப்யூயல் செல்லுக்குள்ளே இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வில் புரோட்டானைக் கடத்தறது இதே தண்ணீர்தான். சவ்வு காய்ஞ்சா புரோட்டான் ஓட்டம் படுத்துடும். தண்ணீர் தேங்கினா வாயு உள்ளே போக வழி அடைபடும். ரெண்டுக்கும் நடுவுல வெச்சுக்கிறதுதான் இன்ஜினீயர் வேலை. மெக்கானிக்கலா, கெமிக்கலான்னு சண்டை போடுறவங்க இங்கே சமாதானம் ஆகலாம்.

தண்ணீர்னதும் ஜன்னலோரம் பார்த்த ஏரி ஞாபகம் வருது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டுபோச்சு. அதே வருஷம்தான் கோயம்பேட்டில் தினம் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிச்சு, இந்த சிப்காட் பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புற நிலையம் வந்தது. நம்ம ஹாஸ்டல் பாத்ரூம் தண்ணீரும் அதில் இருக்கலாம் பாஸ்!